கடலூரில் மலை இல்லை. பாறை மண்ணாவதைப் பிள்ளைகளுக்கு எங்கே காட்டுவது?

கடலூர் அருகே ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாறைகள் வெயிலாலும் மழையாலும் காற்றாலும் சிதைந்து மண்ணாகின்றன என்று பாடம் நடத்தினேன். ஒரு மாணவன் எழுந்து, 'புதுச்சேரி கடற்கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கின்றன, அவை எப்போது சிதையும்?' என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரில் மலையும் இல்லை, காட்டுவதற்குப் பாறையும் இல்லை. எப்படி விளக்குவது?" பாறை எந்தெந்த வழிகளில் சிதைகிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கண்ணெதிரே அசையாமல் கிடக்கும் ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளையை எதைக் காட்டி நம்பவைப்பது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பையனைத் தயவுசெய்து பாராட்டுங்கள். புத்தகத்தில் உள்ளதைத் தான் கண்டதோடு வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்டிருக்கிறான்.

நான் நிலவியல் படித்து, அதையே கல்லூரியில் நடத்தி ஓய்வு பெற்றவன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு செஞ்சி மலைக்கும் திருவக்கரைக்கும் கேப்பர் மலைக்கும் போய்ப் பாறையைத் தட்டிப் பார்ப்பதுதான் பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த பழக்கம் எனக்கில்லை. ஒரு வகுப்பில் எவ்வளவு சொல்லலாம், எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

மலை இல்லையே என்று வருந்தாதீர்கள். கடலூர், பாறை வந்து சேரும் ஊர். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் கருங்கல் நாட்டைக் கடந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது. வழியெல்லாம் உடைந்த பாறை அதன் மடியில்தான் வருகிறது. ஆகவே பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கைப்பிடி ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, எத்தனை வகை மணிகள் இருக்கின்றன என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான மணிகள் கண்ணாடிபோல் தெளிவாகவோ, லேசாகப் புகையேறியதுபோலவோ இருக்கும். அவை குவார்ட்ஸ். வயல் வரப்பில் கிடைக்கும் வெங்கச்சங்கல்லும் அதேதான். இடையிடையே பால்வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகங்களோடு சில மணிகள் இருக்கும், அவை ஃபெல்ஸ்பார். வெயிலில் திருப்பினால் பளிச்சென்று மின்னும் மெல்லிய செதில்கள் மைக்கா. கறுப்பு மணிகளின் மேல் காந்தத்தைத் தாளில் சுற்றிக் கொண்டுபோனால் சில துள்ளி ஒட்டிக்கொள்ளும். அவற்றில் இரும்பு இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை இழுத்துவிட்ட இடத்தில் கறுப்புக் கோடுகளாகப் படிந்திருக்கும் மணலிலும் இதைச் செய்யலாம். அங்கே மாதுளை நிற மணிகள் தென்பட்டால் அவை கார்னெட். இப்போது ஒரு துண்டு கருங்கல் ஜல்லியைப் பக்கத்தில் வையுங்கள். வீடு கட்டும் இடத்தில் எங்கும் கிடைக்கும். ஜல்லியில் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே ஆட்கள்தான் மணலில் தனித்தனியாகக் கிடக்கிறார்கள் என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். எல்லா ஜல்லியும் இதற்கு ஒத்துவராது. கன்னங்கரேலென்று ஒரே நிறமாக இருப்பதைத் தவிர்த்து, வெள்ளையும் கறுப்பும் புள்ளி புள்ளியாகத் தெரியும் கல்லைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்ததாக அவர்களே ஒரு கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். கருங்கல்லில் பாதிக்கு மேல் ஃபெல்ஸ்பார்தான். குவார்ட்ஸ் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மணலிலோ நிலைமை தலைகீழ். ஃபெல்ஸ்பார் எங்கே போயிற்று? என்னைக் கேட்டால், பாறைச் சிதைவு என்ற பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. மழைநீர் வானிலிருந்து இறங்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிவிடுகிறது. மண்ணுக்குள் போனால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயு சேர்ந்து இன்னும் கொஞ்சம் புளிப்பேறுகிறது. அந்த நீர் ஃபெல்ஸ்பாரிலிருந்து சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சமிருப்பது களிமண். குவார்ட்ஸை அந்த நீர் அவ்வளவு சுலபத்தில் தொட முடியாது. சுற்றியிருந்த ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிக் குழைந்ததும், பிடிமானம் போய்க் குவார்ட்ஸ் மணிகள் உதிர்ந்துவிடுகின்றன. மணல் பிறப்பது இப்படித்தான்.

கிணறோ அஸ்திவாரமோ தோண்டும் இடத்தில், கல் மாதிரியே தெரிந்தும் கடப்பாரை பட்டால் பொலபொலவென்று உதிர்கிற ஒரு படலத்தைப் பார்த்திருப்பீர்கள். விழுப்புரம், திருக்கோவிலூர் பக்கம் இது சகஜம். அதில் ஒரு கட்டியை எடுத்துவந்து வகுப்பில் கொடுங்கள். மைக்கா பொன்னிறமாகியிருக்கும், ஃபெல்ஸ்பார் பளபளப்பை இழந்து மாவுபோல் விரலில் ஒட்டும், குவார்ட்ஸ் மட்டும் புதிதுபோல் இருக்கும். பாறையாகவும் மண்ணாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் ஒரு பொருளைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அந்தக் களிமண் கடைசியில் எங்கே போகிறது என்பதற்கும் உங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து நிலத்தடியில் வெண்களிமண் படுகைகள் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும் விளக்குகளும் அந்த வகைக் களிமண்ணில் உருவாகின்றன. என்றோ எங்கோ ஒரு மலையில் ஃபெல்ஸ்பாராக இருந்ததுதான் இன்று வீட்டு அலமாரியில் பொம்மையாக நிற்கிறது.

சிதைவையும் அரிப்பையும் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் போட்டுக் குழப்புகிறார்கள். பாறை இருந்த இடத்திலேயே நொறுங்குவதும் இளகுவதும் சிதைவு. நொறுங்கியதை நீரோ காற்றோ அலையோ எடுத்துக்கொண்டு போவது அரிப்பு. கொண்டுபோய்ப் போடுவது படிவு. மூன்றும் மூன்று வேலை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை உங்கள் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கடுத்து தென்பெண்ணை வெள்ளம் உங்கள் மாவட்டத்துக்குள் புகுந்தது. அந்த மலையின் பாறை ஒரே இரவில் உடைந்துவிடவில்லை. சரிவின் மேல்தோல் பல்லாயிரம் ஆண்டுகளாக இளகி, மண்ணும் உருண்டைக் கற்களுமாகக் கிடந்தது. பெருமழை ஊறி அதைத் தள்ளிவிட்டது. வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் படிந்து கிடந்த வண்டலும் என்றோ சிதைந்து ஆறு சுமந்து வந்ததுதான். இழப்பைக் கண்ட குழந்தைகள் வகுப்பில் இருந்தால் இந்த உதாரணத்தைப் பக்குவமாக எடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பையனின் கருங்கற்கள். புதுச்சேரியில் துறைமுகம் 1980-களின் இறுதியில் கட்டப்பட்டபின், கரையோரமாக நகரும் மணல் தடைபட்டு, நகரத்தின் கடற்கரை அரிக்கப்பட்டது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கல்லைக் கொட்டிக் குவித்தார்கள். அதாவது அந்தக் கற்கள் அங்கே கிடப்பது சில பத்தாண்டுகளாகத்தான். கல்லின் வயதோ வேறு. செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்துப் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவ்வளவு காலம் இருந்த ஒன்றிடம் பத்து ஆண்டுகளில் மாற்றம் தேடினால் எங்கே கிடைக்கும்? திறந்த வெளியில் மொட்டையாக நிற்கும் கருங்கல் மலைகளில் பல இடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மீட்டர் என்ற அளவில்தான் அவை தேய்கின்றன. ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். பையனின் வாழ்நாளான பத்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால், அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் தடிமன்கூட வராது. இது மலைப் பாறைக்கான கணக்கு. அலை அடித்து ஒன்றோடொன்று மோதும் கற்கள் இதைவிட வேகமாகத் தேயும், சிலது இரண்டாகப் பிளக்கவும் செய்யும். அதற்கு இதே எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் கற்களில் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது. குவாரியில் வெடி வைக்கத் துளையிட்ட தடம், பாதியாகப் பிளந்த குழாய்போலச் சில கற்களின் முகத்தில் நேராக ஓடும். வெட்டியபோது அதன் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்திருக்கும். இன்று விரலால் தடவிப் பார்க்கலாம்: எங்கே கூர்மை மிஞ்சியிருக்கிறது, எங்கே மழுங்கிவிட்டது, அலை தொடும் கல்லிலா, மேலே வெயிலில் கிடக்கும் கல்லிலா? மூலைகளும் விளிம்புகளும்தான் முதலில் மழுங்கும். காரணம் எளிது: தட்டையான முகத்தை ஒரு பக்கத்திலிருந்துதான் நீர் தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கம், மூலையை மூன்று பக்கம். செஞ்சி மலையில் பாறைகள் உருண்டை உருண்டையாக அடுக்கி வைத்ததுபோல் இருப்பதன் ரகசியமும் இதுதான். முதலில் அவை விரிசல்களால் கட்டம் கட்டமாகப் பிரிந்த பாளங்கள். விரிசல் வழியே இறங்கிய நீர் மூலைகளைத் தின்றது, இளகிய மண்ணை மழை கழுவியது, நடுவில் இருந்த கெட்டியான பகுதி உருண்டையாக நின்றுவிட்டது. (அலை பலமாக இருக்கும் நாளில் பிள்ளைகளை அந்தக் கற்களின் மேல் ஏறவிடாதீர்கள். இடுக்கில் கால் சிக்கினால் எடுப்பது கஷ்டம்.)

ஆயிரம் ஆண்டு என்பதைக் கண்ணால் காட்ட வேண்டுமானால் மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளிச் சுற்றுலாவில் அது எப்படியும் இருக்கும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலின் கடல் பார்த்த பக்கத்தில் சிற்பங்கள் முகம் தெரியாமல் மழுங்கிப்போயிருக்கின்றன. அதற்கும் முந்தைய வராக மண்டபம் குன்றுக்குள் குடையப்பட்டது. அங்கே விரல், அணிகலன், ஆடை மடிப்பு எல்லாம் துலக்கமாக இருக்கின்றன. கருங்கல் குடும்பத்தைச் சேர்ந்த கல், ஏறக்குறைய ஒரே காலம், உப்புக் காற்றும் மணலும் படும் இடம் ஒன்று, படாத இடம் ஒன்று. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை யாராலும் வகுப்பறையில் செய்துகாட்ட முடியாது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கடற்கரையில் வேலை செய்யும் மிகச் சுறுசுறுப்பான உளி அதுதான், பாடப்புத்தகம் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலோ பழைய செங்கல் சுவர் ஒன்றைத் தேடிப்பிடியுங்கள். சுவரின் அடியில் ஈரம் ஏறியிருக்கும். அதற்குச் சற்று மேலே, முழங்காலிலிருந்து இடுப்பு உயரம்வரை, காரை பெயர்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். சில இடங்களில் சிமென்ட் இணைப்புகள் துருத்தி நிற்க, நடுவிலுள்ள செங்கல் மட்டும் குழிந்து உள்ளே போயிருக்கும். விரலால் தொட்டால் சிவப்பு மாவு கொட்டும். சுவர் பொரிந்துவிட்டது என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். கவனியுங்கள், மிகவும் ஈரமான அடிப்பகுதி அவ்வளவு கெட்டுப்போகவில்லை. ஈரம் ஏறிவந்து காய்கிற உயரத்தில்தான் சேதம் அதிகம். உப்பு கரைந்த நீர் செங்கல்லின் நுண்துளைகளில் ஏறுகிறது, மேலே வந்ததும் நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாக வளர்கிறது. துளைக்குள் வளரும் படிகம் சுவரைத் தள்ளுகிறது. ஒரு படிகத்தின் தள்ளல் ஒன்றும் செய்யாது. நனைவதும் காய்வதுமாக ஆண்டுக்கணக்கில் தள்ளும்போது செங்கல் மாவாகிறது. செங்கல் பாறை இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்கும். சரிதான், ஆனால் துளை நிறைந்த மணற்கல்லும் இப்படியேதான் பொரிகிறது. கருங்கல்லில் துளைகள் மிகக் குறைவு என்பதால் அது தாக்குப்பிடிக்கிறது.

வெயிலைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பகலில் பாறை சூடாகி விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது, இப்படி மாறி மாறி நடப்பதால் உடைகிறது என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. விரிவதும் சுருங்குவதும் உறுதி. அதனால் மட்டுமே பாறை உடைகிறதா என்பதில்தான் நீண்ட நாள் விவாதம். 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஒரு கருங்கல் துண்டை 89,400 முறை சூடாக்கிக் குளிரவைத்தார். நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் அது 244 ஆண்டு வெயிலுக்குச் சமம். உலர்ந்த காற்றில் குளிரவைத்தவரை கல்லில் மாற்றமே தெரியவில்லை. பிறகு தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தார். இரண்டரை ஆண்டுக்குச் சமமான சுற்றுகளிலேயே கல்லின் முகம் மங்கி விரிசல் தெரிந்தது. இதைப் படித்தவர்கள் வெயிலுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள், அதுவும் அவசரம்தான். ஒரு சிறு துண்டு எல்லாப் பக்கமும் தாராளமாக விரியலாம், மலையோடு ஒட்டிய பாளத்துக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் செங்குத்துப் பாறையிலிருந்து பாதி பிரிந்து நிற்கும் ஒரு பாளத்தில் கருவி பொருத்திப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏற விரிசல் திறந்து, இரவில் மூடிக்கொண்டது, நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. அந்த முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. ஆகவே வகுப்பில் இப்படிச் சொன்னால் தவறு வராது: வெயில் பாறையை அசைக்கிறது, அதோடு தண்ணீரும் சேரும்போது பாறை வேகமாக உடைகிறது. கடலூரில் கடல் பக்கத்திலேயே இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் பெரிதாக இருக்காது. பாலைவனத்து உதாரணத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த வேண்டாம்.

உறைபனியும் அப்படித்தான். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது, விரிசலுக்குள் உறைந்தால் பாறையைப் பிளக்கிறது. இமயமலையில் இது பெரிய வேலைக்காரன். நம் கடற்கரையில் வாய்ப்பே இல்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துவரை நீர் ஊற்றி மூடி, ஃபிரீசரில் ஓர் இரவு வைத்துக் காட்டலாம். அடி புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம்.

உயிர்கள் செய்யும் வேலைக்கு வேறெங்கும் போக வேண்டாம், பக்கத்துக் கோயில் மதில் போதும். காக்கை எச்சத்தில் விழுந்த அரச விதையோ ஆல விதையோ இடுக்கில் முளைத்து, வேர் பருத்துக் கல்லைத் தள்ளி நிற்பதைப் பிள்ளைகள் பார்த்தே இருப்பார்கள். வேர் கெட்டியான கல்லைத் துளைக்காது. ஏற்கனவே இருக்கும் விரிசலில் நுழைந்து அதை அகலப்படுத்தும், நீர் இறங்கவும் வழி விடும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதைச் சொல்ல, பிரியாணிக்குப் போடும் கல்பாசியை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அது பாசியும் பூஞ்சையும் கூட்டுக் குடும்பம் நடத்தும் லைக்கன் வகை. இதன் உறவுக்காரர்கள் பாறை முகத்தில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, நுண்ணிய இழைகளை மணிகளுக்கிடையே இறக்கி, அமிலம் சுரந்து இளக்குகின்றன. ஆனால் சில இடங்களில் அதே திட்டு கல்லுக்குப் போர்வையாக இருந்து மழையிலிருந்து காக்கவும் செய்கிறது. கோயில் கற்களில் அதைச் சுரண்டி எடுக்கலாமா கூடாதா என்று வல்லுநர்களே இடத்துக்கு இடம் வேறுவேறாக முடிவெடுப்பது இதனால்தான்.

சுண்ணாம்புக்கல் விஷயம் எளிது, பிள்ளைகளுக்குப் பிடித்ததும்கூட. புதுச்சேரிக்கு வடமேற்கே காரசூர், சேதராப்பட்டுப் பக்கம், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலாக இருந்து படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகள் உண்டு. அவற்றில் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இந்த வகைக் கல் மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தே போகும். வகுப்பில் காட்ட, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலையோ முட்டை ஓட்டையோ வினிகரில் போடுங்கள், குமிழ் கிளம்பும். சாக்பீஸைப் போட்டுப் பார்க்கச் சொல்லிப் பல புத்தகங்களில் இருக்கிறது. நம் பள்ளிகளில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதில் குமிழ் வராது. வகுப்பே காத்திருந்து ஒன்றும் நடக்காமல் போனால் உங்களுக்குத்தான் சங்கடம்.

மலை இல்லை என்றீர்கள். கடலூர் மத்திய சிறை இருக்கும் கேப்பர் மலை உயரம் குறைந்த மேடுதான் என்றாலும், பாறைக்கு அது போதும். அந்தச் சிவப்பு மணற்கல்லுக்கு நிலவியலில் உங்கள் ஊர்ப் பெயர்தான்: கடலூர் மணற்கல். பண்ருட்டி முந்திரிக் காடுகளின் செம்மண், நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணல் அடுக்குகள், ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகள் எல்லாம் இந்தக் குடும்பம். பழைய மலைகள் சிதைந்து, ஆறுகள் கொண்டுவந்து போட்டு, மணிகளுக்கு நடுவே இரும்பும் களியும் இறுகிப் பாறையாயின. அதே பாறை இப்போது மறுபடி சிதைகிறது. சிவப்புக்குக் காரணம் இரும்பு துருப்பிடிப்பதுதான். ஆணி துருப்பிடிக்கும் அதே வேலை. மழை விட்டதும் அங்கே போனால், சரிவில் விரல் அகல ஓடைகள் வெட்டி, சிவப்பு நீர் ஓடி, கீழே விசிறிபோல் மணல் பரந்திருக்கும். சிதைவு, அரிப்பு, படிவு மூன்றையும் பத்தடிக்குள் நிற்கவைத்துக் காட்டலாம்.

வாய்ப்பிருந்தால் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கும் போங்கள். இந்த மணற்கல்லுக்குள் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. சோன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 2 கோடி ஆண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதைத் துல்லியமான தேதியாக எடுத்துக்கொள்ளாமல், மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளைகளும் இலைகளும் இல்லாமல் மொட்டைத் தண்டுகளாகக் கிடப்பதால், வேறிடத்தில் வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்தவை என்பதே பெரும்பாலோர் கருத்து. பிள்ளைகள் பார்க்க வேண்டியது ஒன்று: மெத்தென்ற மரமாக இருந்தது சிலிக்கா (குவார்ட்ஸ் எதனால் ஆனதோ அதே பொருள்) ஏறிக் கல்லாகிவிட்டது, சுற்றியிருந்த மணற்கல்லோ மழையில் கரைந்து போய்விட்டது. எது கெட்டி, எது மெத்து என்பது பெயரைப் பொறுத்ததில்லை, எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துவர அனுமதி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பைகளில் கல் சேர்ந்துவிடும்.

வகுப்பிலேயே செய்ய இரண்டு சோதனைகள் சொல்கிறேன். கேப்பர் மலைச் சிவப்புக் கற்களையும் கருங்கல் ஜல்லியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு போட்டு, பிள்ளைகள் முறைவைத்து ஐந்து நிமிடம் குலுக்கட்டும். சிவப்பு டப்பாவின் நீர் உடனே கலங்கும், ஜல்லியின் நீர் லேசாகத்தான் மாறும். இது ஆற்றில் உருளும்போது நடப்பது, மோதித் தேய்வது. நீர் பாறையை இளக்குவதை இது காட்டாது. இரண்டும் வேறு என்று சொல்லிவிட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது உப்புச் சோதனை. ஒரு தட்டில் இனி கரையாது என்ற அளவுக்குக் கல்லுப்பைக் கரைத்து, பாதிச் செங்கல்லை நிற்கவைத்து, நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வாருங்கள். சில வாரங்களில் மேல்பாதி வெள்ளையாகப் பூக்கும். நன்றாக வேகாத மட்டமான செங்கல்லாக இருந்தால் மூலைகள் உதிரத் தொடங்கும்; நன்கு சுட்ட சூளைச் செங்கல் பூப்பதோடு நிற்கலாம், ஆகவே இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாரம் ஒரு நாள் உதிர்ந்த மாவைக் கூட்டித் தாளில் சேர்த்து, தேதி எழுதி வைக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்காதீர்கள். அப்போது காற்றே ஈரமாக இருப்பதால் நீர் காயாது, உப்பு படிகமாகாது. தை பிறந்து, வாடை குறைந்து, வெயில் ஏறத் தொடங்கும்போது ஜன்னல் ஓரமாக வைத்தால் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பலன் தெரிந்துவிடும்.